தண்ணீர் நிற்கும் வயலில் வரப்பெலி எப்படிப் பிழைக்கிறது?

வெண்ணாற்றுப் பாசனம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் சம்பா போட்டிருக்கிறோம், பயிர் சூல் கட்டும் நேரம். வழக்கம்போல எலி நடு வயலில் வட்டம் வட்டமாக வெட்டிச் சாய்த்திருக்கிறது. ஓரத்தில் இருக்கும் இரண்டு மூன்று வரிசையைத் தொடவே இல்லை, அதனால் வரப்பில் நடந்து போகிறவனுக்குப் பயிர் பச்சைப்பசேல் என்று நிற்பதாகத்தான் தெரியும், உள்ளே இறங்கினால்தான் வயிறு எரியும். தூருக்குக் கொஞ்சம் மேலே சாய்வான வெட்டு. தின்றது கொஞ்சம், வெட்டிப் போட்டது அதிகம்.

நான் கேட்பது மருந்து பற்றி இல்லை, அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். மே மாதம் வெடித்துக் கிடக்கிற நிலம், ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் சேறாகிறது, நவம்பர் மழையில் சில வருடம் வரப்பே முழுகிவிடுகிறது, பிறகு தை மாதம் அறுவடை, அதன்பின் உளுந்து, மறுபடி வெயில். இத்தனை மாறுகிற இடத்தில் இந்த எலி வருடம் முழுக்க எங்கே இருக்கிறது? அதனிடம் அப்படி என்ன வித்தை? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

சும்மா_படிப்பவன் எழுதியது:

எலிக்கு எதற்கு அண்ணே ஆராய்ச்சி. மருந்தை வை, செத்தால் சரி.

பழைய பண்ணை எழுதியது:

தம்பி, மருந்தை வைத்துச் செத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், டெல்டாவில் எலி வளை தோண்டிப் பார்த்த பழக்கம் உண்டு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வயலில் இருப்பது ஒரே எலி இல்லை. உங்கள் வரப்பில் முக்கால்வாசி இருப்பது பெருச்சாளி இனத்தைச் சேர்ந்த சிறிய வகை, புத்தகத்தில் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ் என்று இருக்கும். மழுங்கிய மூஞ்சி, கருஞ்சாம்பல் நிறம், உடம்பைவிட வால் குட்டை, பிடித்தால் உறுமும், கடிக்கும். இதுபோக வெள்ளை வயிறும் மென்மையான முடியும் கொண்ட புல்லெலி ஒன்று உண்டு. வரப்பு ஓரத்தில் விரல் நுழையும் அளவு ஓட்டை போட்டு, வாசலில் பொடி மண் உருண்டைகளைக் குவித்து வைக்கும் சுண்டெலி ஒன்றும் உண்டு. வெட்டிச் சாய்க்கிற பெரிய சேதம் முதலில் சொன்னதன் வேலைதான்.

அதன் வளையைத் தோண்டிப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும். வெளியில் தெரிவது புது மண் குவியல் மட்டும். வாசலை உள்ளேயிருந்து மண்ணால் அடைத்துவிடும், பாம்பு நுழையக்கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் காயக்கூடாது. நீங்கள் சாயங்காலம் அதைத் திறந்துவிட்டு வந்தால் காலையில் மறுபடி அடைத்திருக்கும், உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே போனால் கிளை கிளையாகப் பிரியும். வைக்கோலும் புல்லும் பரப்பிய குட்டி போடும் அறை ஒன்று, நெற்கதிர் அடுக்கிய அறை ஒன்றோ இரண்டோ. அறுவடை சமயத்தில் சில வளைகளில் ஒரு கிலோவுக்கு மேலேயே நெல் எடுத்திருக்கிறோம். கதிரைத் தாறுமாறாகத் திணித்திருக்காது, காம்பு எல்லாம் ஒரு பக்கமாக இருக்கும்படி அடுக்கியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் முக்கியமாக, மேல் மண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே வரைக்கும் வந்து நின்றுவிடும் ஒரு வழி. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஓட்டையே இருக்காது. நாம் வாசல் பக்கம் மண்வெட்டி போட்டதும் அது அந்த மெல்லிய மண்ணை முட்டித் திறந்துகொண்டு ஓடும். எலி பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெரியவர்கள் முதலில் காலால் தட்டிப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து மிதித்துக்கொண்டு நிற்பார்கள், அதன் பிறகுதான் தோண்டவே ஆரம்பிப்பார்கள்.

ஒரு வளையில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய எலி, அல்லது தாயும் குட்டிகளும். கூட்டமாக வாழ்கிற ஜாதி இல்லை இது, சண்டைக்காரன். சினைக்காலம் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேலே போகலாம், ஈற்றுக்கு ஆறேழு குட்டி சாதாரணம், குட்டி போட்ட ஓரிரு நாளிலேயே மறுபடி சினைப்பட முடியும். பயிர் சூல் கட்டுவதில் இருந்து கதிர் முற்றும் வரைக்கும்தான் இனப்பெருக்கம் உச்சத்தில் இருக்கும். தாய்க்கு அந்த நேரத்தில்தான் சத்தான தீனி கிடைக்கிறது. நீங்கள் இப்போது பார்க்கும் சேதம் வயிற்றுப் பசி மட்டும் இல்லை, வெட்டுப்பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் பல் தேய்ப்பதும் உண்டு.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். நன்றாக நீந்தும், தண்ணீருக்குள் முழுகியபடியும் போகும். வயலில் தண்ணீர் நிற்பது அதற்குத் தொந்தரவே இல்லை, நரி அங்கே எளிதில் வராது என்பதால் வசதி என்றுகூடச் சொல்லலாம். வரப்பு முழுகினால்தான் கஷ்டம். அப்போது வாய்க்கால் கரை, சுடுகாட்டுத் திடல், ரோட்டோரம், தென்னந்தோப்பு, வைக்கோல் போர் என்று மேட்டுக்கு ஏறும். நெல் இல்லாத நாளில் கோரைக் கிழங்கு, நத்தை, நண்டு, கரும்பு, எது கிடைத்தாலும் சரி. கோடையில் வயல் நடுவில் தேடினால் கிடைக்காது, வாய்க்கால் கரையிலும் பம்புசெட் தண்ணீர் போகும் ஓரத்திலும் பாருங்கள்.

கரிசல்காட்டான் எழுதியது:

ஐயா எழுதியது அருமை. ஆனால் எந்த இடத்திலும் எலி பிழைத்துக்கொள்ளும் என்று எல்லாரும் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் கரிசலில் நீங்கள் சொன்ன உறுமுகிற எலியைப் பார்ப்பது அபூர்வம், இருந்தால் கிணற்றுப் பாசனத் தோட்டத்தில்தான். அதற்கு ஈர மண் வேண்டும், தோண்டினால் இடியாத வரப்பு வேண்டும். எங்கள் காட்டில் இருப்பது அந்த மென்முடிப் புல்லெலி. அது பெரிதாக வளைகூடத் தோண்டாது, கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும் இல்லையா, அந்த வெடிப்பிலேயே குடித்தனம். கம்பும் சோளமும் பருத்தி விதையும் தின்னும். ஐப்பசி மழை கொட்டினால் மண் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளும், அந்த ஒரு வாரத்தில் ஏகப்பட்டது செத்துப்போகும். மானாவாரிக்காரன் எலிக்கு மருந்தே வைக்காமல் தப்பிக்கும் வருடங்கள் உண்டு என்றால் காரணம் இதுதான்.

செம்மண் மேட்டில் இன்னொன்று, வெள்ளெலி, வால் நுனியில் குஞ்சம், பின்னங்காலால் தாவித் தாவி ஓடும். தண்ணீர் இல்லாமலே காலம் தள்ளும். அதைக் கொண்டுபோய் உங்கள் சேற்றில் விட்டால் ஒரு நாள் தாங்காது.

ஆக ஒவ்வொன்றும் தனக்குத் தோதான இடத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் டெல்டா எலி எதற்கும் மாறிக்கொள்ளவில்லை, அதற்கு வேண்டிய இடத்தை நீங்கள்தான் வருடம் பூராவும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் கட்சி. அகல வரப்பு, ஈரம், ஒரு வயல் அறுத்தால் பக்கத்து வயலில் பால் பிடிக்கும் கதிர். இதில் எலி எதற்கு மாற வேண்டும்?

வெண்ணாற்றுப் பாசனம் எழுதியது:

கரிசல் அண்ணே, சுருக்கென்று இருக்கிறது, ஆனால் சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் போர்வெல் இருப்பவர் ஏப்ரலிலேயே கோடை நெல் போடுகிறார், அது அறுக்கும்போது ஆற்றுத் தண்ணீர்க்காரர் குறுவை நடுகிறார், அதற்குள் சம்பா நாற்றங்கால். முன்பெல்லாம் சித்திரை வைகாசியில் ஊர் முழுக்க ஒரு பொட்டுப் பச்சை இருக்காது என்று அப்பா சொல்வார்.

நாற்றுமேடை எழுதியது:

வேளாண் கல்லூரியில் முதுகலை படிக்கிறேன், பூச்சியியல் துறை. சும்மா_படிப்பவன் அண்ணா "மருந்தை வை" என்றாரே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. உடம்பு அமைப்பே அப்படி. உள்ளே போனது போனதுதான் என்பதால் புதிதாக எதைப் பார்த்தாலும் முதலில் ஒதுங்கும், அப்புறம் துளி கொறிக்கும், நிறுத்திவிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று காத்திருக்கும். துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்தைக் கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி அந்தத் தீனியை மாதக்கணக்கில் சீண்டாது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் மருந்து கலக்காமல் வெறும் அரிசிப்பொரியும் எண்ணெயும் வைத்துப் பழக்கச் சொல்கிறோம், பிறகுதான் 96 பங்கு தீனி, 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து. நூறு பேரில் பாதிப் பேர் அவசரத்தில் அந்தப் பழக்கும் நாட்களை விட்டுவிடுகிறார்கள், பிறகு "மருந்து போலி" என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

புரோமடியலோன் என்ற மருந்துக் கட்டி வேறு விதம். ரத்தம் உறையாமல் செய்து நாலைந்து நாள் கழித்துத்தான் கொல்லும், எலியால் தின்றதையும் செத்ததையும் முடிச்சுப் போட முடியாது. அதையும் தாங்கும் எலி வந்துவிட்டது என்பது வேறு விஷயம். இந்த வகையின் பழைய மருந்தான வார்ஃபரினுக்கு அசையாத எலிகளை 1958-இலேயே ஸ்காட்லாந்தில் பார்த்தார்கள். அது நம் வயல் எலி இல்லை, பழுப்பு எலி, இருந்தாலும் பாடம் ஒன்றுதான்: ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் தாங்குகிற எலிதான் மிஞ்சும், அதன் குட்டிதான் அடுத்த பட்டத்துக்கு வரும். தனி எலியின் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை இதில்.

இன்னொன்று, அந்தக் கட்டியைத் தின்று தள்ளாடும் எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும். ராத்திரி வயலில் எலி தின்னும் கூகையையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, கூகை உட்கார வயலில் நடும் பறவை தாங்கிக்கு மூங்கில் வெட்டப் போகிறோம்.

கிளி_வயல் எழுதியது:

வணக்கம், நான் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஆக்கள். நீங்கள் பயிர்ச் சேதத்தைப் பற்றித்தான் கதைக்கிறியள், எங்களுக்கு எலி என்றால் முதலில் ஞாபகம் வருவது எலிக்காய்ச்சல்தான். வரம்பில் இருக்கிற எலியின் சிறுநீர் வயல் தண்ணீரில் கலந்து, காலில் இருக்கிற கீறல் வழியாக உள்ளே போகும். 2008-இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வந்தது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மழை வெள்ளத்துக்குப் பிறகு ஆட்கள் இறந்தபோது முதலில் என்ன காய்ச்சல் என்றே விளங்கவில்லை, பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது.

காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தாங்கேலாமல் வலித்தால், கண் சிவந்தால், பரசிட்டமோல் போட்டுவிட்டுப் படுக்காதேயுங்கோ. வயலுக்குள் இறங்கினதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கோ, அது முக்கியம். இஞ்ச விதைப்புக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர்மார் டொக்சிசைக்கிளின் என்ற தடுப்புக் குளிசை தருவினம், பாதிப் பேர் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போகிறார்கள்.

பழைய பண்ணை எழுதியது:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அம்மா/ஐயா. வளை தோண்டிய கையோடு வாய்க்காலில் கை அலம்பிவிட்டுச் சாப்பிட உட்காருகிற பழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு.

மாடிவீட்டு மாணிக்கம் எழுதியது:

நான் விவசாயி இல்லை, நிறுவனங்களில் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். இழையைப் படித்ததும் தோன்றியது, எலியிடம் நாம் கற்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது! எதிர்காலத்துக்குச் சேமிக்கிறது, தப்பிக்க இரண்டாவது வழி வைத்திருக்கிறது, புதியதைச் சோதித்துப் பார்க்கிறது. அடுத்த வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான் எழுதியது:

மாணிக்கம் சார், தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அந்தச் சேமிப்பு இன்னொருத்தன் உழைத்த நெல் என்பதையும் வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த யோசனை நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. புறநானூறு 190-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள், சோழன் நல்லுருத்திரன் பாடியது. விளைந்த வயலில் கதிரைக் கொண்டுபோய் வளை நிறைய அடைக்கும் எலியைக் காட்டி, அப்படிப்பட்டவர் சகவாசமே எனக்கு வேண்டாம் என்கிறான். அவன் கேட்பது, இடப்பக்கம் விழுந்த பன்றியைத் தின்னாமல் பட்டினி கிடக்கும் புலி போன்ற நண்பரை. எலி கதிர் கடத்துவதை அந்தக் காலத்திலேயே அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு நேர் எதிர்ப் பாடத்தை எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு பாடமும் வேண்டாம் என்பது வேறு. புலி அப்படிச் செய்யும் என்பதை நான் நம்பவும் இல்லை.

வடகிழக்குக்காரன் எழுதியது:

சில காலம் மிசோரம் தலைநகர் ஐஸாலில் வேலை பார்த்தேன். அங்கே மௌதாம் என்று சொன்னால் வயதானவர்கள் முகம் மாறும். மலை முழுக்க இருக்கும் ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்துச் சாகும். கொட்டிக் கிடக்கும் விதையைத் தின்று எலி பெருகும், விதை தீர்ந்ததும் மொத்தமும் நெல் வயலுக்கு இறங்கும். 1959-இல் வந்த பஞ்சத்தில் உதவி சரியாக வரவில்லை என்ற கோபத்தில் லால்தெங்கா தொடங்கிய பஞ்ச நிவாரண அமைப்புதான் பிறகு மிசோ தேசிய முன்னணி ஆனது, 1966-இல் ஆயுதக் கிளர்ச்சி வரைக்கும் போனது. அடுத்த பூப்பு 2006, 2007 வாக்கில் வந்தது, அரசுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தும் வயல்கள் தப்பவில்லை. எலி வாலுக்குக் காசு கொடுத்தார்கள், லட்சக்கணக்கில் வால் வந்து சேர்ந்தது.

கரிசல் அண்ணன் சொன்னதற்கு இது சாட்சி. தீனி வந்தது, பெருகியது. தீனி போனது, இறங்கியது. இங்கே தீனியைக் கொட்டியது மூங்கில், உங்கள் ஊரில் போர்வெல்.

சும்மா_படிப்பவன் எழுதியது:

சரி, இவ்வளவு பேசியாச்சு. மருந்தும் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது? எங்கள் பக்கத்தில் ஒருத்தர் ராத்திரியில் வரப்பைச் சுற்றிக் கம்பி கட்டிக் கரண்ட் விடுகிறார், ஒரு எலி வருவதில்லை.

பழைய பண்ணை எழுதியது:

தம்பி, அந்த ஆளை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எலிக்குக் கட்டிய கம்பியில் விடியற்காலை தண்ணீர் பார்க்கப் போனவரும், வைத்தவரே மறந்துபோய்க் கால் வைத்தும் செத்த செய்தி ஒவ்வொரு சம்பாவிலும் வருகிறது. இதை இந்த இழையில் யாரும் யோசனையாக எழுதக்கூடாது.

இப்போது என்ன செய்யலாம் என்றால், பயிர் இந்த நிலைக்கு வந்த பிறகு கிட்டிதான் கைகொடுக்கும். தஞ்சாவூர்க் கிட்டி, மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு மாட்டியது, நடுவில் மாவு உருண்டை. எலி தலையை நீட்டித் தீனியை இழுத்ததும் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். சாயங்காலம் வயலுக்குள் நட்டுவிட்டு விடியும் முன்னே எடுப்பார்கள். எலி எந்தத் தடத்தில் நடக்கும் என்று கிட்டி வைப்பவருக்குத் தெரியும், ஒரே தடத்தில்தான் தினமும் போகும், வரப்போரம் புல் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தாலே சொல்லிவிடுவார். நாமே கிட்டி வாங்கிக் கண்ட இடத்தில் வைத்தால் ஒன்றும் விழாது. பறவை தாங்கியையும் இப்போதே நடலாம், ஆனால் கதிர் முற்றத் தொடங்கியதும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் குருவி உட்கார்ந்து நெல் தின்ன நாமே பலகை போட்டுக் கொடுத்ததாக ஆகும். சாரையை அடிக்கிறவர் கையைப் பிடித்துத் தடுங்கள்.

உண்மையான வேலை மே மாதத்தில் இருக்கிறது. அப்போது எலி எண்ணிக்கை மிகக் குறைவு, இருக்கிறதெல்லாம் வாய்க்கால் கரையிலும் திடலிலும் ஒதுங்கியிருக்கும், பெரும்பாலும் சினை இருக்காது. அப்போது ஒரு பெண் எலியைப் பிடித்தால் தை மாதத்தில் எத்தனைக்குச் சமம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வரப்பை ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மிகாமல் செதுக்கிவிட்டால் குட்டி போடும் அறை அமைக்க மண் போதாது. சண்டை இங்கேதான் வரும், நடக்க வழி வேண்டும், வரப்பில் உளுந்து போட வேண்டும், துவரை போட வேண்டும் என்பார்கள்.

நாற்றுமேடை எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். வியட்நாமில் மேகாங் டெல்டாவிலும் இந்தோனேசியாவிலும் ஒரு சிறிய வயலில் மட்டும் ஊருக்கு முன்னால் நட்டு, சுற்றிப் பிளாஸ்டிக் தாள் வேலி போட்டு, வேலியில் ஆங்காங்கே ஓட்டை விட்டு உள்ளே கூண்டு வைக்கிறார்கள். முதலில் சூல் கட்டும் பயிரைத் தேடிச் சுற்றுவட்டார எலி எல்லாம் அங்கே வந்து மாட்டும். ஆனால் சுற்றியிருப்பவர்கள் ஒன்றிரண்டு வார இடைவெளிக்குள் நட்டால்தான் இது பலிக்கும், ஆளாளுக்கு ஒரு தேதி என்றால் முன்னதாக நட்ட வயல் என்று ஒன்றே இருக்காது.

மூங்கில்தோப்பு எழுதியது:

எல்லாரும் முறை பற்றிப் பேசுகிறீர்கள், பிடிக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் திருவள்ளூர் பக்கம், இருளர் குடும்பம். என் தாத்தா மண்பானை அடியில் ஓட்டை போட்டு, வைக்கோல் மூட்டம் வைத்து, வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவார். உதடும் கண்ணும் வெந்துபோகும், நெஞ்சு இரைப்பு வேறு. பிறகு கையால் சுழற்றும் இரும்பு ஊதி வந்தது, அது பெரிய விடுதலை. வளையில் கிடைக்கும் நெல் எங்களுக்கு, எலியும் எங்களுக்கு, அதற்கு மேல் எலிக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது கூலியைப் பேசும்போது "நெல்தான் கிடைக்கிறதே" என்று குறைக்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள்தான் எங்களிடம் பேரம் பேசுகிறார்கள். அப்புறம் ஒன்று, பக்கத்து வயலில் விஷம் வைத்திருப்பதைச் சொல்லாமல் எங்களைக் கூப்பிடாதீர்கள். அந்த எலியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிறோம்.

வெண்ணாற்றுப் பாசனம் எழுதியது:

மூங்கில்தோப்பு, நீங்கள் கடைசியில் சொன்னது என் மண்டைக்கு இதுவரை ஏறியதே இல்லை. எங்கள் ஊரில் கிட்டி வைக்க வருகிறவரிடமும் யாரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை, நாளைக்கே மடைக்காரரிடம் சொல்லி எந்தெந்த வயலில் விஷக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கிறேன்.

இந்த வாரம் கிட்டிக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். வரப்புச் செதுக்கும் விஷயத்தை எங்கள் வாய்க்கால் பாசனக்காரர் கூட்டத்தில் வைக்கப் போகிறேன், மே மாதம் திடலில் வளை தோண்டுவதற்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லாரிடமும் வசூலிக்கலாமா என்றும் கேட்பேன். போர்வெல்காரர்கள் கோடை நெல்லை விடமாட்டார்கள், அது தெரியும், அவர்களிடம் கூடுதலாக வசூலிக்கலாமா என்று யோசிக்கிறேன். இப்படி ஊர்க் காசில் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிப் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள்.

பழைய பண்ணை எழுதியது:

ஏக்கர் கணக்கு வேண்டாம், திடலையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிய வயல்காரர் முதலில் முரண்டு பிடிப்பார், எலியே அவர் பக்கம்தான் இருக்கிறது என்று எல்லாரும் அவரைக் கைகாட்டுவார்கள். பொதுவில் கோவில் நிலக் குத்தகை வருமானம் இருந்தால் அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், எங்கள் காலத்தில் அப்படித்தான் இரண்டு ஊரில் ஒத்துக்கொண்டார்கள். தோண்டிய கரையைத் திரும்ப மூடிக் கெட்டிப்படுத்துவதற்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள், இல்லையென்றால் ஜூனில் தண்ணீர் வந்ததும் கரை உடையும்.